ஏரியைப் புதுப்பித்தார்கள், பறவைகள் ஏன் போய்விட்டன?

கோரைப்புல் (சர்ஜாபூர் சாலை, பெங்களூரு) · ஞாயிறு, காலை 9:10

எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது. பெயர் போட்டால் சண்டை வரும், விட்டுவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு வரை ஓரமெல்லாம் சம்பும் கோரையும் சேறுமாகக் கிடந்தது. பார்வைக்கு அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் பால்கனியில் நின்றால் நீலத்தாழைக்கோழி, இலைக்கோழி, மடையான், குளிர்காலத்தில் உள்ளான் கூட்டம் என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். இப்போது தூர்வாரி, நாலு பக்கமும் கரை எழுப்பி, சரிவில் கல் பதித்து, மேலே நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு மேடை எல்லாம் வந்தாயிற்று. தண்ணீர் முன்பைவிட அதிகம். பறவை என்று பார்த்தால் நீர்க்காகம் சில, எப்போதாவது ஒரு கூழைக்கடா. அவ்வளவுதான்.

தண்ணீர் கூடியிருக்கும்போது பறவை ஏன் குறைய வேண்டும்? அடுத்த சனிக்கிழமை இரண்டாம் கட்ட வேலைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். வடக்கு மூலையில் மிச்சமிருக்கும் சதுப்பையும் எடுத்துவிட்டுப் படகுத்துறை கட்டுவதாகத் திட்டம். அங்கே போய் என்ன பேசுவது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

சில்க்போர்டு_சிவா · ஞாயிறு, காலை 9:48

முதல் கல்லை நானே எறிகிறேன். நானும் அந்த ஏரிப் பக்கம்தான் குடியிருக்கிறேன். பழைய ஏரி நாறும். சாயங்காலம் ஜன்னலைத் திறக்க முடியாது, கொசு. இப்போது என் அம்மா தினமும் காலையில் அங்கே நடக்கிறார். மூட்டு வலிக்கு டாக்டர் சொன்ன நடை, இந்த ஊர் ரோட்டில் நடக்க முடியுமா? பறவைக்கு ரங்கனதிட்டு சரணாலயம் இருக்கிறது, என் அம்மாவுக்கு எது இருக்கிறது?

முக்குளிப்பான் · ஞாயிறு, காலை 11:20

கோரைப்புல் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில்: பறவைக்கு வேண்டியது தண்ணீரின் அளவு இல்லை, ஆழம். அதிலும் ஒரே ஆழம் இல்லை, விதவிதமான ஆழம்.

உள்ளான் வகைகள் ஒரு விரல் ஆழத்தில், ஈரச் சேற்றில் அலகை விட்டுப் புழு எடுப்பவை. பவளக்கால் உள்ளானுக்குக் கால் நீளம், அது ஒரு சாண் தண்ணீர் வரை போகும். மடையானும் கொக்கும் கால் ஊன்ற இடம் இருந்தால்தான் மீனுக்குக் காத்து நிற்கும். புள்ளிமூக்கு வாத்து, நீலச்சிறகி போன்றவை முங்கி மீன் பிடிப்பவை அல்ல. வாலைத் தூக்கித் தலையை விட்டால் எட்டுகிற தூரம் வரைதான் அவற்றின் சாப்பாடு. இலைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும், நீலத்தாழைக்கோழிக்குச் சம்பங்காடு வேண்டும், கூடும் அதற்குள்தான், தின்பதும் அதன் குருத்தைத்தான். ஆழமான தண்ணீரில் பிழைக்கத் தெரிந்தவை நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் (நான் இல்லை), கூழைக்கடா. உங்கள் ஏரியில் மிஞ்சியிருப்பவை எவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள்.

அதாவது ஏரியை அண்டா மாதிரி வெட்டிவிட்டார்கள். ஓரத்திலேயே ஆள் முங்கும் ஆழம், அதற்கு மேல் கல். கல்லில் புழுவும் இல்லை, தவளை முட்டையிட இடமும் இல்லை, தட்டானின் இளம்புழு தண்ணீரிலிருந்து ஏறி வந்து தோல் உரிக்க ஒரு தண்டும் இல்லை.

அந்தக் கூழைக்கடாவைப் பற்றி ஒன்று. மைசூர் ரோட்டில் மத்தூர் பக்கம் கொக்கரேபெள்ளூர் என்று ஒரு ஊர். அங்கே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே புளிய மரத்தில் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. இரைக்கு அவை எத்தனையோ ஏரி குளம் தேடிப் பறக்கும். ஆகவே "பறவைக்கு ரங்கனதிட்டு இருக்கிறது" என்பது சரிப்படாது சிவா. கூடு ஒரு இடத்தில், சாப்பாடு பல இடத்தில். நடுவில் உள்ள ஏரிகள் போனால் சரணாலயத்துக்குப் போட்ட வேலி மட்டும்தான் மிஞ்சும்.

மடைநீர் · ஞாயிறு, பகல் 1:05

நான் பொதுப்பணி சார்ந்த வேலையில் இருந்தவன். தஞ்சாவூர்க்காரன், இங்கே வந்து பல காலம் ஆயிற்று. பறவை எனக்குத் தெரியாது, ஏரி தெரியும்.

"நாலு பக்கமும் கரை எழுப்பி" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. நம் ஊர் ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான். பள்ளத்தின் குறுக்கே மண்கரை போடுவார்கள், அதில் மதகும், உபரிநீர் வழியும் கலிங்கலும் இருக்கும். எதிர்ப்பக்கம் நிலம் மெதுவாக மேடேறிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் தண்ணீர் அந்த மேடு வரை ஏறும், கோடையில் பின்வாங்கும். ஏறி இறங்கும் அந்த இடைப்பட்ட நிலம்தான் முக்குளிப்பான் சொன்ன அத்தனை ஆழங்களும் சேர்ந்த இடம். மாடு மேய்வது, புல் அறுப்பது, சில ஊர்களில் தண்ணீர் வடிந்ததும் வெள்ளரி போடுவது எல்லாம் அங்கேதான். பெங்களூரு ஏரிகளும் இதே முறையில் கட்டியவை. பெரிய ஆறு இல்லாத மேட்டு ஊர் இது, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். பெய்யும் மழையைப் படிப்படியாகப் பிடித்து வைக்கத்தான் ஏரிக்குக் கீழ் ஏரியாகக் கோத்தார்கள்.

இப்போது நடைபாதைக்காகச் சுற்றிலும் கரை எழுப்பினால் என்ன ஆகும்? மேட்டுப் பக்கத்திலிருந்து பரவலாக வழிந்து வரும் மழைநீருக்குக் கதவு சாத்தியாயிற்று. அது வெளியே ரோட்டில் தேங்கும். ஏரிக்குள் வருவது ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) வழியாக மட்டும், அதில் என்ன வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆக நல்ல தண்ணீரை வெளியே நிறுத்திவிட்டுச் சாக்கடையை மட்டும் உள்ளே விடுகிறோம். காசு செலவழித்து.

சில்க்போர்டு_சிவா · ஞாயிறு, பகல் 1:30

சரி, கரை விஷயம் புரிகிறது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை முங்கியபோது நானே டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனவன்தான். ஆனால் கொசு? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முக்குளிப்பான் · ஞாயிறு, பகல் 2:15

கொசுவே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எந்தக் கொசு என்று பார்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பிறப்பது பூந்தொட்டித் தட்டு, டயர், மூடாத தொட்டி போன்ற வீட்டுத் தண்ணீரில். ஏரியில் இல்லை. ராத்திரி காதில் ரீங்காரம் போடும் க்யூலெக்ஸ்தான் சாக்கடைத் தேக்கத்தில் பெருகும். மீனும், தட்டானின் இளம்புழுவும், தவளையும் உள்ள தண்ணீரில் அதன் புழுக்களைத் தின்ன ஆள் இருக்கிறார்கள். சாக்கடை கலந்து மூச்சு முட்டிய தண்ணீரில் அந்த ஆட்கள் முதலில் சாவார்கள், கொசுப்புழு மட்டும் தண்ணீர் மேல்மட்டத்தில் குழாய் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கும். உங்கள் பழைய ஏரி நாறியதற்குக் காரணம் சம்பு இல்லை சிவா, உள்ளே வந்த கழிவு.

அல்சூர்_அம்மணி · ஞாயிறு, மாலை 5:40

குழந்தைகளா, நான் அல்சூரில் பிறந்தவள். எழுபது தாண்டிவிட்டது. பேரன் தட்டித் தருகிறான், எழுத்துப் பிழைக்கு அவன் பொறுப்பு.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நிற்கும்போது கீழே தர்மாம்புதி ஏரி இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. நான் பார்த்ததில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். அதில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது சின்னக் குளம் ஒன்றுதான். அதுவும் கரகத் திருவிழாவால் பிழைத்தது. திகளர் ஜனங்கள் தோட்டக்காரர்கள், ஏரித் தண்ணீரை நம்பிக் கீரையும் பூவும் போட்டு இந்த ஊருக்கே கொடுத்தவர்கள். அவர்கள் சித்திரைப் பௌர்ணமிக் கரகத்துக்கு ஏரிக்கரை இல்லாமல் முடியாது. சாமி காரியம் என்பதால் அந்தத் துண்டை யாரும் தொடவில்லை.

தொம்லூர் சொக்கநாதர் கோயிலுக்குப் போனால் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஜலப்பள்ளி ஊரிலும் விண்ணமங்கலம் ஏரியிலும் நிலம் எழுதி வைத்ததாக ஒரு கல்வெட்டு. அப்போதே ஏரியை வைத்துத்தான் ஊருக்கு அடையாளம்.

எங்கள் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் மீன் செத்து மிதந்ததைப் பார்த்தேன். கரையோரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக. அந்த நாற்றத்தில் எங்கள் தெருவில் யாரும் சாப்பிடவில்லை. அந்த ஏரிக்கு நடைபாதையும் இருந்தது, வேலியும் இருந்தது, படகும் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சில்க்போர்டு_சிவா · ஞாயிறு, மாலை 6:02

அம்மணி அம்மா, நீங்கள் சொன்னால் மறுபேச்சு இல்லை. படகு கேன்சல்.

ஓசூர்க்காரன் · ஞாயிறு, இரவு 8:25

பெங்களூரு ஏரி பெங்களூரு பிரச்சினை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கீழே பாருங்கள்.

பெள்ளந்தூர் ஏரி நிறைந்தால் வர்த்தூர், வர்த்தூர் நிறைந்தால் தென்பெண்ணை. அந்த ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதல் அணை எங்கள் கெலவரப்பள்ளி. மழைக்காலத்தில் மதகு திறந்தால் ஆற்றில் நுரை மலை மாதிரி நிற்கும், டிவிக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள். அதே தண்ணீர்தான் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று போய்க் கடலூரில் கடலில் சேர்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் அந்தத் தண்ணீரில் பூவும் கீரையும் போடுகிறார்கள். வேறு தண்ணீர் இல்லை.

நீங்கள் துணி துவைக்கும் பவுடர் எங்கள் வயலுக்கு வருகிறது. உங்கள் ஏரியின் ஓரத்தில் நாணல் இருந்தால் என்ன, கல் இருந்தால் என்ன என்று எனக்கு முன்பு தோன்றியதில்லை. இப்போது கேட்கிறேன்: அந்தச் சம்பும் கோரையும் உண்மையிலேயே கழிவைச் சுத்தம் செய்யுமா, இல்லை சும்மா பேச்சா?

மடைநீர் · திங்கள், காலை 6:50

செய்யும், அளவோடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் கழிவின் அழுகும் பொருளைப் பெரும்பாலும் குறைத்துவிடும். ஆனால் அதற்கென்று தனி ஏற்பாடு இல்லாவிட்டால் நைட்ரஜனும் பாஸ்பரசும் கணிசமாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். பார்த்தால் தெளிவாக இருக்கும், ஏரியில் விட்டால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் விருந்து. ஆகாயத்தாமரை மேலே மூடினால் வெளிச்சம் போகாது, காற்றுப் படாது, கீழே ஆக்சிஜன் தீரும். அடியில் அழுகும் சேற்றிலிருந்து மீத்தேன் வரும். பெள்ளந்தூர் ஏரி 2015-இலும் 2017-இலும் தீப்பிடித்தது, 2018 ஜனவரியில் பிடித்தபோது ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி அணைத்தார்களே, அது இப்படிச் சேர்ந்த கழிவும் குப்பையும் காய்ந்த களையும் சேர்ந்து செய்த வேலை. நுரை வேறு கதை: சோப்புப் பொருள் கலந்த தண்ணீர் கலிங்கலில் விழுந்து கடையப்படும்போது வருவது.

இப்போது சம்பு. ஆழமில்லாத தண்ணீரில் சம்பு நெருக்கமாக நின்றால் ஓட்டம் மெதுவாகும், மண்டி கீழே படியும். வேரையும் தண்டையும் சுற்றி நுண்ணுயிர் குடியிருக்கும். வேர்ப்பக்கம் கொஞ்சம் ஆக்சிஜன், சற்றுத் தள்ளிச் சேற்றில் ஆக்சிஜனே இல்லை. இந்த இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால்தான் அம்மோனியா நைட்ரேட்டாகி, நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் போகிறது. பாஸ்பரஸ் அப்படிப் போகாது. செடி உறிஞ்சும், மண்ணில் ஒட்டும். ஆகவே செடியை அவ்வப்போது அறுத்து வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மட்கி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஜக்கூர் ஏரியில் இதைத்தான் செய்தார்கள். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் திறனுள்ள சுத்திகரிப்பு நிலையம், அதன் தண்ணீர் நேராக ஏரிக்குப் போகாமல் சம்பு வளர்ந்த சதுப்பு வழியாகப் போய் அப்புறம் ஏரி. மீன் பிடிக்கிறார்கள், பறவை நிறைய, ஏரியைச் சுற்றிக் கிணற்றில் தண்ணீர் ஏறியது. ஆனால் கவனியுங்கள், சதுப்புக்கு முன்னால் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பச்சைச் சாக்கடையை நேராக விட்டுவிட்டு நாணல் பார்த்துக்கொள்ளும் என்றால் நாணலும் சாகும்.

ஓசூர் தம்பிக்கு: சோப்பு, சாயம், உலோகம் இதெல்லாம் தொழிற்சாலைக் கழிவாக வந்தால் சம்பு காப்பாற்றாது. அதை வரும் இடத்திலேயே தடுக்க வேண்டும்.

ஓசூர்க்காரன் · திங்கள், காலை 7:15

நன்றி சார். கடைசி வரியைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லுங்கள்.

பள்ளிக்கரணை_பாலு · திங்கள், காலை 10:30

சென்னைக்காரன், பிழைப்பு ஒயிட்ஃபீல்டில். எங்கள் பள்ளிக்கரணையைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது. தென்சென்னை ஏரிகளின் மழைநீர் எல்லாம் வடிந்து நிற்கும் பள்ளம் அது. அதில் ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, மறு பக்கம் ஐ.டி. கட்டடம், நடுவில் ரோடு. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிப் படுக்கையறைக்குள் வந்தது. 2022-இல் மிச்சமிருந்ததில் சுமார் 1,248 ஹெக்டேரை உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் சதுப்பை "தரிசு" என்று பதிவேட்டில் எழுதிவைத்த காலத்திலேயே பாதி கதை முடிந்துவிட்டது.

சட்டப்புள்ளி · திங்கள், பகல் 12:10

கூட்டத்தில் ஒரு அதிகாரியாவது இதைச் சொல்வார், தயாராக இருங்கள்: "இது சதுப்புநிலம் இல்லை, மனிதன் கட்டிய ஏரி. ஈரநில விதி இதற்குப் பொருந்தாது."

அவர் பக்கம் ஒரு பிடி இருக்கிறது. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் போட்ட உடன்படிக்கை இயற்கை, செயற்கை, நிரந்தரம், தற்காலிகம் என்று எல்லாவற்றையும் ஈரநிலம் என்கிறது. ஆனால் நம் நாட்டு 2017 ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் கட்டிய ஏரிகளை வெளியே விட்டுவிட்டன. பெங்களூருவில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த வகை. விதி அப்படி எழுதப்பட்டது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, தென்னிந்தியாவின் ஏரிகளை அறியாதவர்கள் எழுதியது போல இருக்கிறது.

பதிலுக்கு நீங்கள் கேட்க வேண்டியது: வேடந்தாங்கல் என்ன? அது பாசன ஏரி. பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு 1798-இலேயே அப்போதைய கலெக்டரிடம் ஒப்புதல் வாங்கியதாகப் பதிவு. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். 2022-இல் அது ராம்சார் தலம் ஆயிற்று. தமிழ்நாடு வேண்டாம், கர்நாடகத்திலேயே மாகடி கெரேயும் அங்கசமுத்ராவும் 2024-இல் பட்டியலுக்கு வந்தன. இரண்டும் ஏரிதான். மாகடிக்கு மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. அது வந்து இறங்கும்போது "இதைக் கட்டியது யார்" என்று விசாரிப்பதில்லை.

இன்னொன்று, எல்லை. ஏரிக்கு 75 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ரத்து செய்தது. ஆகவே 75 மீட்டர் என்று கத்தாதீர்கள், உடனே மடக்குவார்கள். பழைய நகரப் பெருந்திட்டத்தின் 30 மீட்டர் இன்னும் அமலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏரியின் சர்வே எண்ணோடு கிராம வரைபடம் எடுத்துப் போங்கள், ராஜகாலுவே எங்கே ஓடியது என்று அதில் இருக்கும். வாதத்தைவிட வரைபடத்துக்குப் பயப்படுவார்கள்.

கீரைக்கட்டு · திங்கள், மாலை 4:45

இதுவரை எழுதிய எல்லோரும் பால்கனியிலிருந்து பார்க்கிறீர்கள். மன்னிக்கவும், அம்மணி அம்மா தவிர.

நான் இந்தப் பக்கத்து ஏரிகளில் புல் அறுக்கும் பெண்களோடு வேலை செய்கிறேன். அவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுபவர்கள், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். காலையில் ஏரி ஓரத்தில் புல் அறுத்து மாட்டுக்குப் போடுவார்கள் அல்லது மாடு வைத்திருப்பவர்களுக்கு விற்பார்கள். பொன்னாங்கண்ணி பறிப்பார்கள். ஏரியைப் "புதுப்பித்த" அன்றோடு கேட் போட்டு, காலை ஒரு நேரம் மாலை ஒரு நேரம் மட்டும் திறப்பு என்று பலகை வைத்தார்கள். நடப்பவர்களுக்கு அந்த நேரம் சரி. புல் அறுப்பவர்களுக்கு? காவலாளி உள்ளே விடுவதில்லை. புல்லும் இல்லை, கல்தான் இருக்கிறது.

மடைநீர் சார் சம்பை அறுத்து வெளியே எடுக்க வேண்டும் என்றார். அதற்கு இயந்திரத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் பணம் ஒதுக்குவார்கள். இத்தனை வருடம் சம்பளமே வாங்காமல் ஓரத்துப் புல்லை அறுத்துக்கொண்டிருந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு! சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்களை யாராவது கூப்பிட்டார்களா?

கோரைப்புல் · திங்கள், மாலை 5:20

இல்லை. அறிவிப்பு அடுக்ககங்களின் வாட்ஸப் குழுவில் மட்டும்தான் வந்தது.

கீரைக்கட்டு · திங்கள், மாலை 5:24

அதுதான்.

சில்க்போர்டு_சிவா · திங்கள், இரவு 9:00

குடிதண்ணீர்ப் பக்கம் ஒரு கேள்வி. 2024 கோடையில் எங்கள் போர்வெல் வற்றி டேங்கர்காரன் காலில் விழுந்தோம். நகரத்தின் அரசுப் போர்வெல்லில் கிட்டத்தட்ட பாதி வேலை செய்யவில்லை என்று அரசே சொன்னது. ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் நிலத்தடி நீர் ஏறும் என்றுதானே இந்த வேலையை ஆரம்பித்தார்கள்? எங்கள் ஏரியில் தண்ணீர் தளும்புகிறது, போர்வெல் இன்னும் காற்றுதான் விடுகிறது.

மடைநீர் · செவ்வாய், காலை 6:40

உங்கள் போர்வெல் எத்தனை அடி? ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். இந்த ஊருக்கு அடியில் கெட்டிப் பாறை. மேலே சில பத்து அடிக்கு மக்கிய மண்ணும் உதிர்ந்த பாறையும், அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும் நீர். ஏரித் தண்ணீர் முதலில் இறங்குவது மேல் அடுக்குக்கு. அந்த அடுக்கில்தான் பழைய கிணறுகள் இருந்தன. ஆழத்து வெடிப்புக்கு அது போய்ச் சேர எத்தனையோ காலம் ஆகும், சில இடங்களில் சேரவே சேராது. ஏரிக்குப் பக்கத்தில் கிணறு வெட்டினால் பலன் தெரியும். கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தார் இன்னும் இந்த ஊரில் வேலை செய்கிறார்கள். கப்பன் பார்க்கின் பழைய கிணறுகளைத் தூர்வாரியதும் அவர்கள்தான்.

காவிரி என்று எல்லோரும் சும்மா சொல்லிவிடுகிறோம். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆற்றிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2024 அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டமும் வந்தது. மேட்டில் உட்கார்ந்துகொண்டு, பெய்யும் மழையை ரோட்டில் ஓடவிட்டு, பள்ளத்து ஆற்றைத் தூக்கிக் குடிக்கிறோம்.

முக்குளிப்பான் · செவ்வாய், காலை 8:10

ஏரியின் மட்டத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், மடைநீர் சார் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஏரி வருடம் முழுக்கத் தளும்ப வேண்டும் என்ற எண்ணமே சரியில்லை. இந்த ஏரிகள் கோடையில் வற்றுவது வழக்கம்தான். இப்போது கழிவுநீரோ சுத்திகரித்த நீரோ நிற்காமல் வருவதால் எப்போதும் ஒரே மட்டம். சேறு வெளியே தெரிவதே இல்லை. வலசை வரும் உள்ளானுக்கு அதனால்தான் இடமில்லை. தை, மாசியில் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால் ஓரச் சேறு திறக்கும்.

மடைநீர் · செவ்வாய், காலை 8:35

இறக்கினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கீழ் ஏரிக்கு. அங்கே ஏற்கெனவே தளும்புகிறது. மேலும், கோடைக்கு முன் தண்ணீரை விட்டுவிட்டால் கிணறுகளுக்கு ஊறுவது குறையும். சிவா சட்டையைப் பிடிப்பார்.

முக்குளிப்பான் · செவ்வாய், காலை 8:52

முழுதாக இறக்கச் சொல்லவில்லை. வடக்கு மூலையில் சரிவு விட்டால் ஒரு முழம் இறங்கினாலே நல்ல அகலத்துக்குச் சேறு கிடைக்கும். மழைக்கு முன் மட்டம் குறைந்திருந்தால் முதல் வெள்ளத்தைப் பிடிக்கவும் இடம் இருக்குமே?

மடைநீர் · செவ்வாய், காலை 9:05

வெள்ளத்துக்குச் சரி. சித்திரையில் என்றால் சம்மதம். தையில் சம்மதமில்லை. மதகுக் கதவு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி ஏரிகளில் கலிங்கலை உயர்த்திக் கட்டி மதகைச் சிமெண்ட் போட்டு அடைத்திருப்பார்கள்.

நெறியாளர் · செவ்வாய், காலை 9:30

நடுவில் வந்த "வெளியூர்க்காரர்களுக்கு ஏரி எதற்கு" வகையறாப் பதிவுகள் மூன்று நீக்கப்பட்டன. விவாதம் தொடரட்டும்.

கோரைப்புல் · புதன், இரவு 10:15

எல்லோருக்கும் நன்றி. நேற்று மதகைப் போய்ப் பார்த்தேன். மடைநீர் சார் சொன்னபடியே அடைத்துத்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு எழுதியிருப்பது இது:

படகுத்துறை வேண்டாம். வடக்கு மூலைச் சதுப்பை அப்படியே விட வேண்டும். அந்தப் பக்கம் கரையையும் கல்லையும் எடுத்துவிட்டு நிலத்தைச் சரிவாக்க வேண்டும், நடைபாதை அங்கே கொஞ்சம் சுற்றிப் போகட்டும் (சிவா அம்மாவுக்கு இருபது அடி கூடுதல் நடை). ராஜகாலுவே நீர் நேராக ஏரிக்குள் விழாமல் முதலில் வண்டல் தங்கும் குழி, அப்புறம் சம்பு, அப்புறம் ஏரி. எந்த அடுக்ககத்துக் கழிவு கால்வாயில் விழுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். எங்கள் அடுக்ககத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், எங்கள் சுத்திகரிப்பு இயந்திரம் ராத்திரியில் ஓடுகிறதா என்று எனக்குச் சந்தேகம். மதகைத் திறந்து பழுதுபார்க்க வேண்டும். புல் அறுப்பவர்களுக்கு அடையாள அட்டையும் பகலில் அனுமதியும். விடுபட்டது இருந்தால் சொல்லுங்கள்.

சில்க்போர்டு_சிவா · புதன், இரவு 10:40

இருபது அடியா! அம்மாவிடம் கேட்டேன். "கல்லைவிட மண்ணில் நடந்தால் முட்டிக்கு நல்லதுடா" என்கிறார். என் ஓட்டு உங்களுக்கு. விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சதுப்புப் பக்கம் ராத்திரி முழுக்க எரிய வேண்டாம். எங்கள் படுக்கையறைக்குள்ளேயும் அடிக்கிறது.

கீரைக்கட்டு · வியாழன், காலை 7:30

அடையாள அட்டை யோசனையில் எனக்குப் பயம். அட்டை இல்லாதவரைத் துரத்த அது சாக்காகிவிடும். "புல் அறுப்பதற்குத் தடை கூடாது" என்று மட்டும் எழுதுங்கள். சனிக்கிழமை நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கூலி போகும், ஆட்டோவுக்கும் ஆகும், அதை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்க்காரன் · வியாழன், காலை 7:50

ஆட்டோவும் கூலியும் என் பொறுப்பு. நானும் வருகிறேன், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். கெலவரப்பள்ளி நுரைப் படங்கள் போனில் இருக்கின்றன.

சட்டப்புள்ளி · வியாழன், காலை 11:00

மனுவைக் கன்னடத்தில் கொடுங்கள், இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். எனக்கு அன்று வேறு வேலை இருக்கிறது, ஆனால் கிராம வரைபடப் பிரதி என்னிடம் உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்சூர்_அம்மணி · வியாழன், மாலை 6:10

கன்னடத்தில் நான் எழுதித் தருகிறேன். ஸ்கூலில் முப்பது வருடம் கன்னடம் சொல்லிக்கொடுத்தவள். பேரன் நாளைக்கு டைப் அடித்து அனுப்புவான், தலைப்பில் ஏரியின் சர்வே எண்ணை மறக்காமல் அனுப்பிவையுங்கள்.